ஊசி போட்ட கை

— ஊசிக்குக் கையெழுத்து வாங்கறப்ப ‘வாங்கம்மா, உக்காருங்கம்மா’ன்னீங்க. இப்ப ஒத்த போன்ல ‘உபைத் இனிமே வர வேணாம்’னா இன்னா நாயம் டாக்டரம்மா?

— ஷகீலா, முதல்ல உக்காருங்கோ. உங்க தம்பியை யாரும் துரத்தலை. அந்தத் தடுப்பூசி ஆராய்ச்சியே முடிஞ்சுடுத்து.

— முடிஞ்சிதா? புதுசா ஒண்ணு வந்துகீதாமே. வெளிய குந்திகினு கீறவங்க சொல்றாங்க. மந்தைவெளிலேர்ந்து அடையாறுக்கு மாசாமாசம் அவன இட்டுகினு வந்தவ நானு. என் தம்பி கைல மட்டும் அந்த ஊசி ஏறாதா?

— பழசைப் போட்டுண்டவாளைப் புதுசுல சேர்க்கக் கூடாதுன்னு விதி. எதால என்ன ஆச்சுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாமப் போயிடும்.

— உங்க விதிய நீங்களே வெச்சிக்கோங்க. பழசே நல்லாத்தான வேல செய்யுது, அப்புறம் புதுசு எதுக்கு?

— அதான் ஷகீலா. செய்யலை.

— இன்னா சொல்றீங்க?

— ஊசி போட்டா உடம்பு ஆன்டிபாடின்னு ஒண்ணைத் தயார் பண்ணணும். போதை மருந்து ரத்தத்துல ஏறினா, மூளைக்குப் போறதுக்குள்ள அது பிடிச்சு நிறுத்திடும். போட்டாலும் போதை வராது. சில பேர் உடம்பு நன்னாப் பண்ணித்து. பல பேருக்குப் போதலை. அதனாலதான் உடம்பை இன்னும் உசுப்பி விடற மாதிரி கூட ஒரு மருந்து சேர்த்துப் புதுசு பண்ணியிருக்கோம்.

— உபைதுக்கு?

— அவர் ரத்தத்துல ஒண்ணுமே இல்லை.

— பொய்யி. இத்தினி மாசமா அத்த தொடாம கீறான். நீங்கதான யூரின் டெஸ்ட் எடுக்கறீங்க?

— ஆரம்பத்துல ஒரு தடவை போதை மருந்து தெரிஞ்சுது. அப்புறம் சுத்தம். எங்களுக்கே ஆச்சரியம்தான்.

— உங்களுக்கு ஆச்சரியம். எனக்கு எதுனாலன்னு தெரியும். கிண்டி ஸ்டேஷன்ல எறங்கி அவன் வேலைக்குப் போற வழிலதான் போதை மருந்து விக்கற கும்பல் நிக்குது. அத்த தாண்டறப்ப ஊசி போட்ட கையத் தேச்சிக்குவான். பின்னாலயே போய்ப் பாத்துகீறேன். ஊசிய நம்பித்தான் அவன் அந்தத் தெருவுல நடக்கறான். உள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சா நேரா அங்க போய் நின்னுடுவான்.

— அவர்கிட்ட நான் சொல்லித்தான் ஆகணும்.

— வாயத் தொறக்காதீங்க. வெறும் தண்ணிய ஏத்திப் போடுங்க. புதுசுன்னு சொல்லுங்க, போதும்.

— பொய் சொல்லி ஊசி போட என்னால முடியாது.

— இவ்ளோ நாளு வேல செய்யாத ஊசியப் போட்டீங்களே, அது மட்டும் முடிஞ்சிதா? மாசாமாசம் ரத்தம் எடுத்தீங்க. ஒரு நாளுனா ‘ஏறலம்மா’ன்னு சொன்னீங்களா? சோதிச்சிப் பாக்க எங்க வூட்டுப் புள்ள ஒடம்பு வேணும். வெவரம் சொல்ல மட்டும் நாங்க ஆளில்ல.

— ரத்த முடிவையெல்லாம் லேப்ல எனக்கே ஆராய்ச்சி முடிஞ்சப்புறம்தான் காட்டினா. அதுவரைக்கும் யார் ரத்தத்துல என்ன இருக்குன்னு எங்க யாருக்கும் தெரியாது. எனக்கு மட்டும் கோபம் வரலைன்னா நினைக்கறேள்?

— ஆபா, போதும். உன் சத்தம் வாசல் வரிக்கும் கேக்குது.

— உபைத்? நீ எப்படா வந்தே? ஒண்ணுமில்லடா, டாக்டரம்மா உனக்குப் புது ஊசி போடறேன்னு சொல்லிகினு கீறாங்க.

— ரெண்டு பேரும் எவ்ளோ பேசறீங்க. என்னிய யாருனா ஒரு வார்த்த கேட்டீங்களா? புது ஊசில்லாம் வேணாம். பழசு ஒடம்புல வேல செய்யலன்னு எனக்குத் தெரியும் டாக்டர்.

— உங்களுக்கு எப்படித் தெரியும் உபைத்?

— ரெண்டாவது ஊசி போட்ட வாரமே ஒரு தபா அடிச்சிப் பாத்தேன், நிறுத்துதான்னு. போதை முழுசா ஏறிச்சி. உங்க டெஸ்ட்டுல மாட்டுனது அதான்.

— அப்ப எதுக்குடா டெய்லி கையத் தேச்சிகினே போனே?

— நீதான் பின்னாலயே வந்துகினு இருந்தியே ஆபா. நீ பயந்துக்கக் கூடாதுன்னுதான்.