தலைப்பாகை அவிழ்ந்த படகுப் பந்தயம்

அவையை ஆளும் அன்புத் தலைவி, மீனவ மகளிர் சங்கத்தின் மாண்பு, அம்மையார் மணியம்மாள் அவர்களே! அலையோடு வளர்ந்து அலையோடு வாழும் லைட்ஹவுஸ் குப்பத்துப் பெரியவர்களே! கூடையைத் தலையில் ஏற்றிக் குடும்பத்தைக் கரையேற்றிய தாய்மார்களே! காட்டூரிலிருந்து வண்டி கட்டி வந்திருக்கும் உறவுகளே! நாளைக் காலைப் படகுப் பந்தயத்தில் பாயும் வேங்கைகளே! பந்தயத்தைப் பார்க்காமலேயே முடிவைச் சொல்லிவிடும் டீக்கடைத் தம்பிகளே! உங்கள் அனைவருக்கும் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் இந்த இளங்கோவனின் பணிவான வணக்கம்.

ஒற்றுமையைப் பற்றிப் பேசு என்று விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எஞ்சினுக்கும் எண்ணெய்க்கும் உள்ள ஒற்றுமைதான் எனக்குத் தெரிந்தது. ஆனாலும் ஏறிவிட்டேன், இனி இறங்குவது உங்கள் கைத்தட்டலில் இருக்கிறது. என்னய்யா சிரிப்பு அங்கே? இப்போதே தட்டி இறக்கிவிடலாம் என்றா? நடக்காது!

தொலைக்காட்சியில் மோட்டார் பந்தயம் பார்க்கும் இளைஞர்களே! ஒரே நிறுவனத்துக்கு இரண்டு கார்கள் ஓடுகின்றன. ஒருவன் உயிரைக் கொடுத்து முன்னால் பறக்கிறான். திடீரென்று அவன் காதுக்குள் முதலாளியின் குரல்: "பின்னால் வருகிறவனுக்கு வழி விடு!" அந்த நொடியில் அவன் நெஞ்சு என்ன பாடுபடும்? வழி கிடைத்தவனின் நெஞ்சு என்ன பாடுபடும்? முன்னதை எல்லோரும் கேட்கிறார்கள். பின்னதைக் கேட்டவர் யார்? எங்கள் பழவேற்காட்டில் கேட்டார்கள், ஐயா! கார் என்ற வண்டியே பிறக்காத காலத்தில் கேட்டார்கள்!

வாய்வழியாக என் காதுக்கு வந்த கதை இது. வரலாற்று ஏட்டில் தேடாதீர்கள். கிடைக்காவிட்டால் என் வீட்டு வாசலுக்கும் வராதீர்கள்.

டச்சுக்காரர்கள், நம் முன்னோர் வாயில் ஒல்லாந்தர்கள், இங்கே கோட்டை கட்டிக் கொடி ஏற்றியிருந்த காலம். ஆண்டுக்கு ஒருமுறை கோட்டைத் துரை ஏரியில் பாய்மரப் படகுப் பந்தயம் வைப்பாராம். கோட்டைத் துறையில் புறப்பட்டு, நடு ஏரியில் நட்ட கம்பத்தைச் சுற்றிக்கொண்டு, மீண்டும் துறைக்கு வர வேண்டும். வென்ற படகின் ஊருக்கு, அந்தப் பருவம் முழுவதும், ஏரி கடலைத் தொடும் முகத்துவாரத்தில் இறால் வலை கட்டும் உரிமை. அதாவது, ஊர் முழுக்க அடுப்பெரியும். படகைச் செலுத்தியவனுக்கோ, துரை தன் கையாலேயே தோளில் போடும் சிவப்புப் பட்டு.

நம் குப்பத்தில் செங்கல்வராயன் என்றொரு பெரிய மனிதர். இரண்டு படகுக்குச் சொந்தக்காரர். ஒன்றைச் செலுத்தியவன் குப்பன், அவருடைய மருமகன். மற்றொன்றைச் செலுத்தியவன் திருவேங்கடம், அவரிடம் கூலிக்குப் படகோட்டியவன். ஒரே முதலாளி, ஒரே கரை, ஒரே காற்று. ஆனால் இருவருக்கும் இடையே இருந்த போட்டி இருக்கிறதே, அடடா! இவன் பாய் கட்டினால், அவன் எட்டிப் பார்க்காதபடி வலையைப் போட்டு மூடுவான். அவன் படகின் அடியில் எண்ணெய் பூசினால், என்ன எண்ணெய் என்று இவன் விரலால் தொட்டு மோந்து பார்ப்பான். இவனுக்குப் பத்துக் கொடுவா மீன் கிடைத்தது என்று கேள்விப்பட்டால் அவனுக்கு அன்று சோறு இறங்காது. இந்தக் காலத்தில் அப்படி யாரும் இல்லை, இல்லையா? ஏன் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்கள்?

பந்தயத்தன்று காலை. படகைத் தண்ணீரில் தள்ளிக்கொண்டிருந்த திருவேங்கடத்தைச் செங்கல்வராயன் தனியே அழைத்தார்.

"தோ பாரு திருவேங்கடம். கெலிக்கிறது எப்படியும் நம்ம படகுதான். ஆனா அந்தப் பட்டு என் மருமவன் தோள்ல வுழணும். நீ முன்னால வந்தீன்னா நான் தலப்பாவ அவுத்து ஆட்டுவேன். பாயத் தளர்த்திட்டு ஒதுங்கிக்கோ."

"ஐயா, குப்பனுக்கு இது தெரியுமா?"

"அவனுக்கு இன்னாத்துக்கு? படகு யாரோடது? உன்னோடதா?"

திருவேங்கடம் கணக்குப் போட்டுப் பார்த்தான். படகு போனால் பிழைப்பு போகும். பிழைப்பு போனால் வீட்டில் நான்கு வயிறு காயும். "சரிங்க ஐயா" என்றான்.

துரை துப்பாக்கியால் வானத்தைச் சுட்டார். படகுகள் பறந்தன. கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது எல்லோருக்கும் முன்னால் திருவேங்கடம்! இரண்டு படகு நீளம் பின்னால் குப்பன்! அதற்கும் பின்னால், விடாமல் விரட்டி வருகிறது ஏரியின் வடகரைக்காரர்களின் படகு! துறை நெருங்குகிறது. தூரம் சுருங்குகிறது. கரையில் செங்கல்வராயன் தலைப்பாகையை அவிழ்த்தார். ஆட்டினார், ஆட்டினார், அப்படி ஆட்டினார்! பெரியவருக்கு என்ன பூரிப்பு என்று ஊரே சேர்ந்து கைதட்டியது. பூரிப்பா அது?

திருவேங்கடம் பார்த்தான். பாய்க்கயிறு அவன் கையில் இருந்தது. பிடித்திருந்தால் வெற்றி, விட்டால் பிழைப்பு. விட்டான். பாய் தொய்ந்தது, படகு தளர்ந்தது. விருட்டென்று பக்கத்தில் வந்து சேர்ந்த குப்பன் திகைத்தான்.

"இன்னாடா ஆச்சு? கயிறு அறுந்துச்சா?"

"கயிறு நல்லாத்தான் கீது. நீ போ."

"நான் இன்னாத்துக்குப் போவணும்?"

"கரையப் பாரு. உன் மாமனாரு தலப்பாவ அவுத்துக்கினு ஆடறாரு. போ குப்பா. வாய மூடிக்கினு போ."

குப்பன் கரையைப் பார்த்தான். புரிந்துவிட்டது. மூன்று ஆண்டுகளாக எவனை முந்த வேண்டும் என்று ஏங்கினானோ, அவனை முந்த இப்போது வழி திறந்து கிடக்கிறது. போனானா? முகம் சிவந்தது, தன் பாயையும் இறக்கினான்!

"நீ நின்னா நானும் நிக்கறேன்டா!"

"அட, போய்யா! வடகரைக்காரன் வரான்!"

"வரட்டும்! பாய ஏத்து, அப்பதான் போவேன்!"

பாருங்கள் இந்தக் கூத்தை! ஊரின் சோறு தண்ணீரில் தள்ளாடுகிறது. நடுவில் இரண்டு பேர், கல்யாணப் பந்தியில் சம்பந்திகள் உபசரிப்பதுபோல் "நீ போ, நீ போ" என்று நிற்கிறார்கள்!

கரையில் ஒருத்திக்கு மட்டும் எல்லாம் விளங்கிவிட்டது. செங்கல்வராயனின் மகள், குப்பனின் மனைவி எல்லம்மா. நேராகப் போனாள், தந்தையின் கையிலிருந்த தலைப்பாகையைப் பிடுங்கினாள்.

"நைனா! என் புருஷன் தோத்தா நான் அழமாட்டேன். இப்படிக் கெலிச்சா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கினு தண்ணிக்குப் போவேன்?"

சொல்லிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி ஏரியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள்: "யோவ்! ரெண்டு பேரும் பாய ஏத்துங்கய்யா! ஊரு பட்டினி கெடக்கணுமா?"

அம்மையார் மணியம்மாள் தலையாட்டுகிறார்கள். ஆமாம் தாயே, இன்றைக்கும் அந்தக் குரலுக்குத்தான் இந்தக் குப்பத்தில் எல்லோரும் கட்டுப்படுகிறோம்!

பாய்கள் ஏறின. ஆனால் காலம் கடந்துவிட்டதே? வடகரைப் படகு வந்துவிட்டதே? இங்கேதான் ஆழம் குறைந்த நம் ஏரி கைகொடுத்தது. இரண்டு படகுகள் அசையாமல் நிற்பதைப் பார்த்த வடகரைக்காரன், மணல்மேட்டில் தட்டி நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டான். தன் படகும் தட்டிவிடக் கூடாதே என்று வெகு தொலைவு விலகி, வளைந்து, சுற்றிக்கொண்டு வந்தான்! அவன் சுற்றி முடிப்பதற்குள் இவர்கள் இருவரும் சீறிப் பாய்ந்தார்கள். குப்பன் முந்தினான், திருவேங்கடம் முந்தினான். மீண்டும் குப்பன்! மீண்டும் திருவேங்கடம்! துறையைத் தொடும்போது திருவேங்கடத்தின் படகு ஒரு முழம் முன்னால். குப்பன் இரண்டாவது. வடகரை மூன்றாவது.

சிவப்புப் பட்டு திருவேங்கடத்தின் தோளில் விழுந்தது. ஆனால் அவன் கண் பட்டில் இல்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெறுந்தலையோடு வந்த செங்கல்வராயன் மீது இருந்தது.

"சொன்ன சொல்லு கேக்கல இல்ல?"

"கேட்டேன் ஐயா. பாயத் தளர்த்தினேன். உங்க மருமவன்தான் போவமாட்டேன்னு நின்னுட்டாரு."

பெரியவர் மருமகன் பக்கம் திரும்பினார். "ஏன்டா போவல?"

குப்பன் சொன்னான்: "மாமா, அவன் ஒதுங்கி நான் மொதல்ல வந்தாலும் ரெண்டாவது ஆளு நான்தான். அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். இப்பவும் நான் ரெண்டாவதுதான். ஆனா இப்ப அவன் கண்ணப் பாத்துப் பேச முடியுது. அவன் படகப் புடுங்கினீங்கன்னா என் படகையும் நீங்களே ஓட்டிக்கங்க."

 செங்கல்வராயன், திருவேங்கடத்தின் தோளில் கோணலாகக் கிடந்த பட்டைத் தன் கையால் நேராக்கினார். "நாளைக்கு மொத வலை முகத்துவாரத்துல நீயே கட்டு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று முதல் இருவரும் அண்ணன் தம்பியாகிவிட்டார்கள் என்றுதானே எதிர்பார்க்கிறீர்கள்? இல்லை ஐயா, இல்லை! அன்று மாலையே குப்பன், "செவப்பு உன் நெறத்துக்கு எடுக்கலடா" என்றான். மறுநாளே வலையைப் போட்டு மூடிக்கொண்டு பாய் கட்டினான்.

அருமை மக்களே! ஒற்றுமை என்றால் என்ன? ஒருவனை நிறுத்தி ஒருவனை ஓட்டுவதா? ஒருவனைத் தாழ்த்தி ஒருவனை உயர்த்துவதா? உன் முழு வேகத்தையும் எனக்குக் காட்டு, என் முழு வேகத்தையும் உனக்குக் காட்டுகிறேன் என்று ஒருவரை ஒருவர் மதிக்கிறோமே, அந்த மதிப்புக்குப் பெயர் ஒற்றுமை! விட்டுக்கொடுப்பவன் பெரியவன், ஒப்புக்கொள்கிறேன். விட்டுக்கொடுக்கும்படி மிரட்டப்பட்டவன் முன்னால், பாயை இறக்கி நின்றானே குப்பன், அவன் அதைவிடப் பெரியவன்! நாளை நீரில் இறங்கும் நம் பிள்ளைகளே, முந்துங்கள்! மோதாமல் முந்துங்கள், முழு மூச்சோடு முந்துங்கள்! தோற்றவனுக்கும் இந்தக் கரை சேர்த்தே கைதட்டும்!

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், பொறுமையில்லாமல் கேட்ட தம்பிகளுக்கும், ஒலிபெருக்கியை நிறுத்தாமல் காத்த அன்பருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நல்ல காற்று வீசட்டும், நம் வலைகள் நிறையட்டும். வணக்கம்!