கிரவுண்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல

போடுங்கம்மா, வேணாங்கல. ரிடையர் ஆகுற மனுஷனப் பத்தி சிறப்பு மலர் போட்டா அந்தக் கதை இல்லாம எப்படி? ஆனா தேடி வந்து என்கிட்ட கேக்குறீங்க பாருங்க. இருபது வருஷமா அந்தக் கதைய முழுசா நம்பாத ஒரே ஆளு நான்தான்.

ஐயையோ, இத எழுதாதீங்க. பேனாவக் கீழ வைங்க மொதல்ல.

ரிடையர் ஆகுறானே, அவனுக்கு ஆபீஸ்ல மாப்பிள்ளைன்னுதான் பேரு. தெனமும் கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி இஸ்திரிச் சட்டை. நான் சால்டர் பட்டுக் கருகின சட்டையோட பக்கத்துல நிப்பேன்.

ஆமா, கதையில வர்ற அந்த சர்க்யூட் போர்டு நான் போட்டதுதான். எண்பது ஆம்பியர் பவர் சப்ளை. ஒவ்வொரு செம்புத் தடமும் நான் வரைஞ்சது. டெஸ்ட் பண்ணா, அம்பது ஆம்பியரத் தொட்டதும் படக்குனு அணைஞ்சிரும். மூணு வாரம்! சிப்ப மாத்தினேன், கெப்பாசிட்டர மாத்தினேன், என் மூஞ்சியத்தான் மாத்தல.

ஒரு நாள் பல்லு புடுங்க லீவு போட்டேன். அன்னிக்குப் பார்த்து மாப்பிள்ளை வர்றான். பக்கத்து செக்‌ஷன் ஆளு, அந்த போர்ட முன்ன பின்ன பார்த்ததில்ல. மீட்டர எடுத்து ஒரு முனைய அவுட்புட் போல்ட்டுல வச்சான், இன்னொண்ண சிப்போட கால்ல வச்சான். ரெண்டுமே கிரவுண்டும்மா. கிரவுண்டுன்னா பூஜ்யம். பூஜ்யத்துக்கும் பூஜ்யத்துக்கும் நடுவுல எவனாவது அளப்பானா? எனக்கும் எனக்கும் எவ்வளவு தூரம்னு கேக்குற மாதிரி இல்ல? இருபது மில்லிவோல்ட்டு காட்டுச்சாம்.

சின்னதுதான். ஆனா எண்பது ஆம்பியருக்கே அந்த சிப்பு பாக்குறது மொத்தம் அம்பது மில்லிவோல்ட்டுதான். அம்பது ஆம்பியர்ல முப்பது சொச்சம் வரும், அதோட இந்த இருபதும் சேந்தா, எண்பது ஆம்பியரத் தாண்டிருச்சுன்னு பயந்து ஆஃப் பண்ணிரும். பெரிய கரண்ட்டு திரும்பி வர்ற பாதையிலயே சிப்போட கிரவுண்டையும் நான் கோத்துவிட்டிருந்தேன். மாப்பிள்ளை அந்தத் தடத்த வெட்டினான், தனி ஒயர் இழுத்து கரண்ட் அளக்குற எடத்துல ஒரே புள்ளியில சேத்தான். பத்தே நிமிஷம். எல்லாரும் கைதட்டினாங்களாம்.

எனக்கு யாரு சொன்னாங்களா? என் வீட்டுக்காரிதான். அப்ப அவ அங்க டெஸ்டிங்ல இருந்தா. நான் வீங்கின கன்னத்தோட உக்காந்திருக்கேன், இவ கண்ணு மின்ன மின்ன சொல்றா. பல்லு வலியே தேவலாம்னு ஆயிருச்சு.

அவன் சரி பண்ணதுல சந்தேகமில்ல. மொத தடவையே அந்த ரெண்டு எடம் எப்படித் தெரியும்? அந்த போர்டுல கிரவுண்டு புள்ளி எரநூறுக்கு மேல. அதான் போட்டுக் குடைஞ்சுது.

சேச்சே, தப்பால்லாம் நினைக்கல. சரி, நினைச்சேன். ஒரு வருஷம் அவன் எங்க செக்‌ஷனுக்கு எத்தன தடவ வர்றான்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். கேவலந்தான். இவ யாரப் பார்த்துச் சிரிக்கிறான்னு ஒரு கண்ணு, வரைபடத்துல ஒரு கண்ணு. அப்படி வரைஞ்ச தடம் எங்க உருப்படும்?

போன வாரம் உங்க லெட்டர் வந்துச்சில்ல, அவரோட பழகின அனுபவத்த எழுதித் தாங்கன்னு? இவதான் படிச்சா. துணி மடிச்சுக்கிட்டே சொல்றா, நல்ல மனுஷன், மீட்டர இந்த ரெண்டு எடத்துல வச்சுப் பாருங்கன்னு நான் சொன்னதும் மறுபேச்சில்லாம வச்சாரு, வேற யாரும் காதுல கூடப் போட்டிருக்க மாட்டாங்கன்னு. சொல்லிட்டு அடுத்த சட்டைய எடுக்குறா.

ஆமாம்மா, இவதான். மூணு வாரமும் அந்த மேசையில மீட்டர் புடிச்சது இவதான?

கட்டின புருஷன விட்டுட்டு அவன்கிட்ட ஏன்டி சொன்னேன்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன். அப்புறம், அந்த மூணு வாரத்துல யாரு வாயத் தொறந்தாலும் எரிஞ்சு விழுந்துக்கிட்டு நான் இருந்த இருப்பு ஞாபகம் வந்துச்சு. வாயில வந்தது வேற. சட்டையோட இன்னொரு கையப் புடிச்சு மடிச்சுவிட்டுக்கிட்டே கேட்டேன், அதுக்கு முன்னாடி நீ என்கிட்ட சொன்னியா?