இருபதாயிரம் அடியில் மச்சானும் மாப்ளையும்

— மூணு நிமிஷமா ஊதுது மாப்ள. முதல்ல அந்தச் சத்தத்தை நிறுத்து.

— எதைன்னு நிறுத்த, மச்சான்? இது ஓடுதளத்துல கிளம்பறப்ப சுவிட்ச் ஏதாவது தப்பா வச்சிருந்தா வர்ற ஊதல். நாமதான் நாண்டி ஏர்போர்ட்ல கிளம்பி இருபதாயிரம் அடி ஏறிட்டமே. விமானமும் உங்க தீவுக்காரன் மாதிரி. புத்தி லேட்டாத்தான் வருது.

— கேப்டன்கிட்ட பேசுற பேச்சாடா இது?

— கேப்டனை யாரு கேலி பண்ணா? அத்தை மகனைப் பண்றேன். அதைக் கேட்க ஃபிஜியில எவனுக்கும் உரிமை கிடையாது.

— கேப்டன், லிட்டியானா பேசறேன், பின்னாலேருந்து. பயணிங்க தலைக்கு மேல ஆக்சிஜன் மாஸ்க் எல்லாம் தானா விழுந்து தொங்குது. என்ன ஆச்சு?

— அடக் கடவுளே! அந்த ஊதல் காத்தழுத்தத்துக்கு, மாப்ள! உள்ள காத்தே நிக்கல. மாஸ்க்! மாஸ்க்! லிட்டியானா, நீ முதல்ல போட்டுக்கோ, எல்லாரையும் போடச் சொல்லு. வேகமா கீழ இறங்கப் போறேன்.

— சரி கேப்டன்.

— மாஸ்க் போட்டியா மாப்ள?

— போட்டாச்சு, போட்டாச்சு.

— தலைக்கு மேல காத்தழுத்தச் சுவிட்ச் எதுல இருக்கு, பாரு.

— ஆட்டோல... இல்ல மச்சான். கையால இயக்குறதுல நிக்குது. காலையில மெக்கானிக் சோதிச்சுட்டு அப்படியே விட்டுட்டான் போல.

— கிளம்புறதுக்கு முன்னால சோதனைப் பட்டியல் படிச்சப்ப 'ஆட்டோ'ன்னு சொன்னியே!

— எங்க மாமா கல்யாண வீட்டுல யங்கோனா வேர்ச்சாறு குடிச்ச மயக்கத்துல வேற ஜோடியை வாழ்த்தின கதையை நீ எடுத்துவிட்டே. சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன். தலையைத் தூக்கிப் பார்க்கல.

— நானும்தான் பார்க்கல. சரி, மாத்து.

— மாத்தறேன்... மாத்தறேன். மச்சான், நீ ஏன் இப்படிச் சிரிக்கிறே?

— நான் எங்கடா சிரிச்சேன்?

— கேக்குதே. ஆக்சிஜன் குறைஞ்சா காரணமில்லாம சிரிப்பு வரும்னு பயிற்சியில சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? உன் மாஸ்க் வேலை செய்யல, மச்சான்.

— மாப்ள, நான் கீழ இறக்கிக்கிட்டிருக்கேன். நீ ஏன் உன் பக்கக் கைப்பிடியைப் பின்னால இழுக்கிறே? விடு!

— விடமாட்டேன். நீ நிதானத்துல இல்ல. கடல்ல கொண்டுபோய்ச் சொருகிடுவே. பின்னால நூத்திப் பத்து பேர் இருக்காங்க. விமானம் இனி என் கையில.

— விடுடா! பத்தாயிரத்துக்கு இறங்கலேன்னா அந்த நூத்திப் பத்து பேருக்கும் மூச்சு இருக்காது. அவங்க மாஸ்க் பன்னிரண்டு நிமிஷம்தான் தாங்கும்.

— நல்லாப் பேசறே. பேச்சுலதான் உங்க தீவுக்காரன் கெட்டிக்காரனாச்சே.

— வைசேயா. என்னைப் பாரு.

— என்ன மச்சான், பேர் சொல்லிக் கூப்பிடுறே? பொறந்ததிலிருந்து நீ என்னைப் பேர் சொன்னதே இல்லையே.

— கேலியெல்லாம் முடிஞ்சுது. கைப்பிடியிலேருந்து ஒரு கையை மட்டும் எடு. உன் வாயைத் தொட்டுப் பாரு.

— எதுக்கு?

— தொடுடா!

— மீசை... உதடு... மச்சான், என் மாஸ்க் எங்கே?

— உன் மடியில. இவ்வளவு நேரமும் சிரிச்சது நீதான்.