கடைசி சீட்டில் ஒரு குரல்

சாயங்காலம் ஆறே முக்கால். நம்ம பாலைவனத்து ஐம்பதாம் நம்பர் ரோடு... ஆஸ்டின் ஊரைத் தாண்டினா யுரேக்கா வர்ற வரைக்கும் ஈ காக்கா இருக்காது, உங்களுக்கே தெரியும். எழுபத்து நாலாம் வருஷம், ஆகஸ்ட். அந்தக் கட்டையைக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்க... புகை கண்ணுல அடிக்குது.

என்கூடச் சுரங்கத்துல வேலை பார்க்கிறானே ராய்ஸ், அவன் அத்தை வெர்னாவுக்கு நடந்தது இது. ரத்த சொந்தம் இல்ல. எப்படி அத்தை ஆனாங்கங்கிறதுதான் விஷயம்.

அப்ப வெர்னாவுக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா, அம்மா, ரெண்டு அண்ணனுங்க... அயோவாவுலேர்ந்து கிளம்பி மூணு வாரமா ஒரே ஸ்டேஷன் வேகன்ல. கடல் பார்த்தாச்சு, பெரிய மரமெல்லாம் பார்த்தாச்சு, வீட்டுக்கு இன்னும் மூணு நாள்தான். யாருக்கும் யார் மூஞ்சியையும் பார்க்கப் பிடிக்கல. வெர்னா வேற சரியான அடம். எதுக்கெடுத்தாலும் சண்டை, அழுகை. அதனால அவளைக் கடைசி சீட்டுல தனியா தள்ளியிருந்தாங்க. அதான்... பின்பக்கம் பார்த்து உட்கார்ற சீட்டு.

அந்தக் குடும்பத்துல ஒரு வழக்கம். முன்னே ஒரு தடவை சின்ன அண்ணனைப் பெட்ரோல் பங்க்ல மறந்துட்டுப் போயிட்டாங்களாம். அதுலேர்ந்து, வண்டியை எடுக்கிறதுக்கு முன்னாடி அப்பா "ம்... ஆரம்பிங்க"ன்னு சொல்லுவார். பெரியவன் ஒண்ணு, சின்னவன் ரெண்டு, வெர்னா மூணு. திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மூணு கேட்டா கியர்தான்.

அன்னிக்கு வெர்னா வேணும்னே வாயைத் திறக்கல. ரெண்டு தடவை. மனுஷனுக்கு மூஞ்சி சிவந்துடுச்சு.

"மகாராணி நம்பர் சொல்லாட்டி வண்டி நகராதுன்னு நினைப்போ? விட்டுட்டுப் போறேனா இல்லையான்னு பாரு."

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கிட்டிருந்தா.

அப்புறம் மூடிப்போன பங்க் ஒண்ணுல நிறுத்தினாங்க. கக்கூஸ் பின்னாடி, தகரக் கொட்டாய்ல. வெர்னா உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டா. மழையில நனைஞ்ச சேஜ் புதர் வாசனை... அதோட ஒரு பழந்துணி நாத்தம். குழாய் சொட்டுது. டப்... டப்... வெளியே எஞ்சின் உறுமுச்சு.

"ஆரம்பிங்க."

"ஒண்ணு."

"ரெண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு. நான் சொல்லாம எப்படிப் போறாங்கன்னு பார்க்கிறேன்...

"மூணு."

அவ குரல். அச்சு அசல். ஆனா... சந்தோஷமா இருந்துச்சு.

தாழ்ப்பாளோட மல்லுக்கட்டி, சரளைக்கல்லுல விழுந்தடிச்சு ஓடி வந்தா. அதுக்குள்ள வண்டி ரோடு ஏறிடுச்சு. பின் கண்ணாடியில ஒரு பொண்ணு. அவ மூஞ்சி, அவ ரெட்டைச் சடை. முழங்காலைக் கட்டிக்கிட்டு, இவ ஓடி வர்றதையே பார்த்துச்சு. கண்ணு இமைக்கல. இவ தொண்டை கிழியக் கத்தினா. வண்டி மேட்டைத் தாண்டி இறங்கிடுச்சு.

அவ அழல. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தா தெரிஞ்சுடும். அப்பாவை ஏமாத்தலாம். அண்ணனுங்களையும் ஏமாத்தலாம். அம்மாவை முடியுமா? பெத்தவ இல்லையா? அந்த ஒரு நம்பிக்கையில ரோட்டோரமா குத்த வெச்சு உட்கார்ந்துட்டா.

எட்டரைக்கு அந்தப் பக்கம் வந்தவர் போலீஸ்காரர், துணை ஷெரிஃப் ஆரின், நம்ம ராய்ஸோட தாத்தா. யுரேக்கா ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்து சூப் குடுத்தார். அடுத்து வர்ற ஈலி ஊர்ல ரூம் போட்டிருந்த மோட்டல் பேரு வெர்னாவுக்கு ஞாபகம் இருந்துச்சு. போன் போட்டு, அம்மா லைன்ல வந்ததும் ரிசீவரை அவ கையிலயே குடுத்துட்டார்.

"அம்மா... நான் வெர்னா. என்னை விட்டுட்டுப் போயிட்டீங்கம்மா."

அம்மாவுக்குப் பின்னால அண்ணனுங்க சிரிக்கிறாங்க. அப்பாவும் சிரிக்கிறார்... மூணு வாரத்துல முதல் தடவையா. அதுக்கு நடுவுல, வெர்னாவோட அதே சிரிப்பு.

"அம்மா, அது நான் இல்லம்மா. வந்து கூட்டிட்டுப் போம்மா."

அம்மா குரலைத் தணிச்சுக்கிட்டா. "இவ சண்டை போடலடி. தட்டுல வெச்சதைச் சாப்பிட்டா. எல்லாரும் நிம்மதியா இருக்காங்க."

"அம்மா..."

"நீ ஓடி வந்ததை நான் கண்ணாடியில பார்த்தேன், கண்ணு. இனிமே போன் பண்ணாதே."