ஊசி போட்டால் பேசுவார்

“மோட்டார் நல்லா இருக்கு, ரோப் நல்லா இருக்கு, கதவு நல்லா இருக்கு. நான் எதை சார் ரிப்பேர் பண்றது?”

“அப்ப போர்டு எதுக்குய்யா மாட்டினே?”

“நான் எங்க சார் மாட்டினேன், நான் இன்னிக்குத்தான்...”

“நீ மாட்டாம அதுவா நடந்து வந்து தொங்குதா? ஒரு மாசமா மொத்தக் கட்டடமும் நொண்டிக்கிட்டு...”

“ஒரு மாசமா பட்டனை அமுக்கிப் பாக்கணும்னு ஒருத்தருக்குமா தோணல?”

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரும் லிஃப்ட் மெக்கானிக்கும் கீழ்த்தளத்தில் இப்படி முட்டிக்கொண்டபோது, நான் காய்கறிப் பையுடன் நடுவில் நின்றிருந்தேன். ‘லிஃப்ட் பழுது. படியில் செல்லவும்.’ அட்டையில் வரிகள் கோணாமல் வந்திருந்தன. என் கையெழுத்து எப்போதுமே நன்றாக இருக்கும்.

அதை மாட்டியது நான்தான். செயலாளர் அன்றைக்கே லிஃப்ட் கம்பெனிக்கு போன் செய்தார். நாளைக்கு வருகிறோம், நாளைக்கு வருகிறோம் என்று அவர்கள் ஒரு மாதத்தை ஓட்டினார்கள். ஒழுங்காக வந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஏன் மாட்டினேன் என்றால், என் வீட்டுக்காரருக்கு வலது முழங்காலில் வலி வரவேண்டியிருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். பஸ் ஓட்டிய காலத்தில் ‘ஓட்டுநருடன் பேசக்கூடாது’ என்று தலைக்கு மேல் எழுதியிருந்ததை வீட்டுக்கும் எடுத்து வந்துவிட்டார். சாப்பாடு எப்படி என்றால் ‘ம்’. மழை வருமா என்றால் ‘ம்’. நான் செத்துப்போனால் என்ன செய்வீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். அதற்கும் ‘ம்’தான், கொஞ்சம் யோசித்துவிட்டு.

அந்த முழங்கால் முதல் தடவை வீங்கியபோது எலும்பு டாக்டர் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். “ரெண்டு மூணு நாளைக்கு முகம் சிவக்கும், தூக்கம் வராது, நல்லாப் பசிக்கும். சிலருக்குக் கொஞ்சம் உற்சாகமாவும் இருக்கும். ஐயாவுக்கு சுகர் வேற இருக்கு, அதை மட்டும் தினம் பாத்துக்கங்க” என்றார்.

மறுநாள் விடிவதற்குள் சமையலறையில் சத்தம். பழைய டூத் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் மடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் பழுத்த தக்காளி.

“எழுந்துட்டியா? நம்ம முதல் வீட்டுல பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் விழாது, ஞாபகம் இருக்கா? உள்ள ஆள் இருக்குன்னு தெரியறதுக்கு நீ பாடிக்கிட்டே குளிப்பே.”

“ஆமா. கேவலமாப் பாடுவேன்.”

“படு கேவலமா. அதைக் கேக்கத்தான் நான் வெளிய நின்னு பல்லு விளக்கிக்கிட்டே இருப்பேன். ஈறு தேஞ்சதுதான் மிச்சம்.”

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இத்தனை வருஷமாகக் கிணற்றில் போட்ட கல் என்று நினைத்திருந்தேன். கல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

அந்த மூன்று நாளில் வீட்டில் அவர் துடைக்காத பொருள் இல்லை, பேசாத பேச்சில்லை. பிஸ்கட் டப்பாவும் காலி. மூன்றாம் நாள் சாயங்காலம், “உன்கிட்ட சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு. கல்யாணமான புதுசுல ஒருநாள் நான் ரயில்வே ஸ்டேஷன்ல நின்னேன். கையில பெட்டி” என்றார்.

“எங்க போறதுக்கு?”

“ம்” என்றார்.

மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. வலியும் போய்விட்டது. அந்த முழங்காலை வெறுத்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது நன்றாக இருப்பது எனக்கு இடைஞ்சலாக இருந்தது.

ஒரு ஊசிக்கும் அடுத்த ஊசிக்கும் நடுவில் மூன்று மாதமாவது வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பொறுத்தேன். டாக்டர் பேச்சை மீறுவது எனக்குப் பிடிக்காது. அதன் பிறகுதான் அட்டையை மாட்டினேன். எங்கள் வீடு நாலாவது மாடி. அவருடைய கண்ணாடியைக் கீழே வாட்ச்மேன் மேசையில் மறந்து வைத்துவிட்டு வருவேன். அவர் எடுத்து வந்த பிறகு பேப்பர் ஞாபகம் வரும். பேப்பர் வந்த பிறகு பால்.

படியில் மற்றவர்களும் ஏறினார்கள், அதற்கு நான் என்ன செய்ய. வீட்டுக்கு வீடு தைல வாசனை. ஐந்தாம் மாடி டீச்சர் படி வளைவுகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே பரீட்சைப் பேப்பர் முழுவதையும் திருத்தி முடித்தாள். எலும்பு டாக்டர் வாசலில் எங்கள் கட்டடத்துக்காரர்களாகவே உட்கார்ந்திருந்ததால், செயலாளர் சங்கக் கூட்டத்தை அங்கேயே நடத்திவிட்டார். நான் மட்டும், ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, லிஃப்டில் போய் வந்தேன். எனக்கும் முழங்கால் இருக்கிறதே.

ஒருவழியாக அவர் கால் வீங்கியது. “காலையில வெறும் வயித்துல வீட்டு மெஷின்ல சுகர் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஜாஸ்தியா இருந்தா ஊசி வேண்டாம்” என்றார் டாக்டர். ஜாஸ்தியாகத்தான் இருந்தது. அதனால் என் விரலைக் குத்திப் பார்த்து அந்த எண்ணைச் சொன்னேன். புருஷன் பெண்டாட்டி ஈருடல் ஓருயிர் என்கிறார்கள். ஒரு சொட்டு ரத்தத்தில் போய் நீ வேறு நான் வேறு என்று பார்ப்பதா?

ஊசி போட்ட மறுநாள்தான் அந்த மெக்கானிக் வந்து சேர்ந்தார். சண்டைச் சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் நாலு மாடியும் இறங்கி வந்தார், முகம் சிவந்து, வாய் ஓயாமல்.

“எதுக்குப்பா சண்டை? இது எங்க வீட்டம்மா எழுத்து. அந்த ‘ழு’வுக்கு வால் விட்டிருக்கா பாரு, எவ்ளோ அழகு” என்று மெக்கானிக்கிடம் பெருமையாகக் காட்டினார். அவரிடமே தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். கேட்டபடியே லிஃப்ட் வாசலில் சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் சுகர் பார்க்கும் கருவி எண்ணைக் காட்டவில்லை. எண்ணுக்கு மேலே போய்விட்டதாம். கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். பிழைத்துக்கொள்வார் என்று சொன்ன பிறகு, கட்டிலுக்கு ஒரு பக்கம் எலும்பு டாக்டரும் மறுபக்கம் செயலாளரும் நின்று என்னைக் கேட்டார்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாம் அவருடைய காலுக்காகத்தான் என்பதையும் சொன்னேன்.

“அம்மா, அவர் செத்திருப்பாரு. அது புரியுதா உங்களுக்கு?” என்றார் டாக்டர்.

“அந்த ஸ்டேஷன் விஷயம்” என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. மூன்று பேரும் திரும்பினோம். “ஒரே ஒரு டிக்கெட்தான் வாங்கினேன். ரயிலும் வந்துருச்சு. ஏறப் போறேன், பின்னாலேர்ந்து ஒரு கை வந்து பெட்டியைப் பிடிக்குது. யாரு தெரியுமா?”

“யாருங்க?”

“ம்” என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

“அடச்சே” என்றார் செயலாளர்.

நான் போர்வையைக் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன்.

“டாக்டர், இடது முழங்கால் அப்படியே புதுசா இருக்கு. அதுக்கும் மூணு மாசம் காத்திருக்கணுமா?”