பழைய குழாய்களின் சத்தம்

இந்த அறையை விற்றுத் தரச் சொன்னால், முதல் வேலையாக அந்தக் குழல்விளக்கைக் கழற்றிவிட்டு மூலையில் ஒரு மஞ்சள் விளக்கை வைப்பேன். காவல் நிலையத்தில் உட்கார்ந்துகொண்டு இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் என் வக்கீல் டெலானி, என்னைக் காப்பாற்ற வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

பாஸ்டனில் பீக்கன் ஹில் மேட்டில் வீடு விற்றுக் கொடுப்பவள் நான். தனியாக வாழ்ந்த மூதாட்டி அகஸ்டா லாத்ரப்பின் ஐந்து தளச் செங்கல் வீட்டை விற்றுத் தரும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, கூட வேலை செய்கிறவர்கள் பொறாமைப்பட்டார்கள். ஓராண்டு கழிந்தும் வீடு போகவில்லை. பொறாமை சிரிப்பாக மாறிவிட்டது. "உன்னையும் சேர்த்துத்தான் விக்கணும் போல, நொரீன்" என்றார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை வீட்டுக்குக் கொண்டுபோய் இரவெல்லாம் மென்றேன்.

விற்கச் சொன்னது அகஸ்டாதான். விற்க விடாததும் அவர்தான். வீட்டைத் திறந்து காட்டும் ஞாயிறுகளில் உரியவர் வெளியே போய்விடுவது எங்கள் தொழிலின் வழக்கம். குடும்பப் படங்களைக் கழற்றி நிலவறையில் வைப்பேன். ஓவனில் பிஸ்கட் சுடுவேன், வாசனைக்காக. வருகிறவர்கள் இது தங்கள் வீடு என்று கனவு காண வேண்டும். நிஜமான வீட்டுக்காரி நாற்காலியில் இருந்தால் கனவு எப்படி வரும்? ஆனால் அகஸ்டா இருப்பார்.

"அந்தக் குளியல் தொட்டி பிடிச்சிருக்கா?" என்பார் வந்தவர்களிடம். "என் தம்பி அதுலதான் செத்தான். அவசரமே படல. மத்தியானம் பூரா எடுத்துக்கிட்டான்."

பிஸ்கட்டைக்கூடத் தொடாமல் போய்விடுவார்கள்.

அந்தப் பிப்ரவரி ஞாயிறு நடைபாதையில் பனி உறைந்திருந்தது. வழக்கம்போல் அவரைக் காபிக் கடைக்கு அனுப்பப் பார்த்தேன்.

"இந்த வழுக்கல்ல நடக்கச் சொல்றியா? நான் விழுந்து செத்தா நீ எதை விப்பே?"

"அப்ப மொட்டை மாடியில உட்காருங்க, மிஸ் லாத்ரப். வெயில் நல்லா அடிக்குது. அரை மணி நேரம்தான்."

"ரெண்டு பிஸ்கட் குடு, போறேன். உன் பிஸ்கட் கண்றாவியா இருக்கும், ஆனா சூடா இருக்கும்."

அவருடைய அம்மாவின் ரோமக் கோட்டை மாட்டிவிட்டு, முழங்காலில் போர்வையையும் நானே போர்த்தினேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் ஈரமில்லாதவள் போர்வை போர்த்துவாளா? பிறகு, தொட்டிக் கதையோடு இறங்கி வந்துவிடக் கூடாதே என்று, மாடிக் கதவை உள்ளே தாழிட்டேன்.

ஹாகன் தம்பதி வந்தார்கள். மனைவி கிர்ஸ்டன் பளிங்குக் கணப்பைக் குழந்தையின் தலையைப் போலத் தடவினாள். "இந்த விளக்கையெல்லாம் யாரு வெச்சது? அப்படியே இங்கேயே இருந்துடலாம்னு இருக்கு" என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு வயது, சொந்தத்தில் இரண்டு அறைக் குடியிருப்பு. அடுத்தவர் வீட்டில் என் ரசனையை யாராவது மெச்சமாட்டார்களா என்று ஓராண்டாகக் காத்திருந்தவள். அந்த விளக்குகளை நான் வாங்குபவர்களுக்காக வைக்கவில்லை. நான் குடியிருந்தால் எப்படி வைப்பேனோ, அப்படி வைத்திருந்தேன்.

அப்போதுதான் மேலே தட்டும் சத்தம் கேட்டது.

"என்ன அது?" என்றார் கணவர்.

"நீராவிக் குழாய். வீட்டு வயசு அதுக்கும். கொஞ்ச நேரத்துல நின்னுடும்."

"பழைய வீடு பேசுது" என்றாள் கிர்ஸ்டன், பூரிப்போடு. இந்த ஊர்க்காரர்களுக்கு, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் குழாய் இடிக்கும் சத்தம்கூடப் பரம்பரைச் சொத்து.

அவர்கள் ஜன்னல்களை அளக்கத் தொடங்கினார்கள். நான் மேலே போனேன். கதவின் சின்னக் கண்ணாடியில் அகஸ்டாவின் முகம். வெயில் போயிருந்தது. உதடு நீலமாக இருந்தது. நான் உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். அவர் என்னைப் பார்த்தபடியே இருந்தார். பிறகு தட்டவில்லை. ஓராண்டில் முதல்முறையாக ஒத்துழைக்கிறாரே என்று எனக்கு நன்றியாகக்கூட இருந்தது.

மொட்டை மாடியைப் பார்க்கலாமா என்று கேட்டார்கள். வசந்தத்தில் பார்த்தால்தான் அழகு என்றேன். சமையலறை மேசையிலேயே விலை எழுதித் தந்துவிட்டுப் போனார்கள். அகஸ்டா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. செத்தவள் கையெழுத்துப் போட முடியாது என்பது நேற்று தொழிலுக்கு வந்தவளுக்கும் தெரியும். எனக்கு மறுநாள் காலைதான் உறைத்தது. கூட வேலை செய்கிறவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது.

"ஒரே வார்த்தைதான், நொரீன்" என்றார் டெலானி. "மறந்துட்டேன்னு சொல்லுங்க. வேலை மும்முரம், வயசு, களைப்பு. யார் வேணா மறக்கலாம். விபத்துன்னு முடிச்சுடலாம்."

மேசையின் விளிம்பில் இருந்த அவருடைய தண்ணீர்க் குவளையை உள்ளே தள்ளி வைத்தேன். எத்தனை வீடு காட்டியிருக்கிறேன். ஒரு விளக்கை அணைக்காமல், ஒரு ஜன்னலைச் சாத்தாமல் கிளம்பியதில்லை. நொரீன் டன்ஃபி கவனம் தப்பியவள் என்று ஊரில் பேச்சு வருவதா?

"அது மட்டும் வேண்டாம், டெலானி" என்றேன். "நான் எதையும் மறக்கல. தட்டைக் கழுவினேன். ஒவ்வொரு தளமா விளக்கை அணைச்சேன். மேலே போய்த் தாழ்ப்பாள் சரியா விழுந்திருக்கான்னு இழுத்துப் பார்த்துட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்."