தமிழ் தெரியாதவர்கள் வைத்த தமிழ்த் தேர்வு

தலைமை நாற்காலியைத் தகுதியால் நிரப்பியிருக்கும் வேதாச்சலம் ஐயா அவர்களே! நரம்பு தேய உழைத்து நாலு எழுத்தைப் பிள்ளைக்குத் தந்த நகரி நகரத்துப் பெரியோரே! தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

இந்த ஆந்திர மண்ணில் நம் பிள்ளைகளுக்குத் தமிழில் பாடம் சொல்ல ஆசிரியர் வேண்டும். அவருக்குப் பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சிக்கு ஆள் எடுக்கத் தேர்வு வேண்டும். அத்தனையும் வைத்தார்கள் ஐயா! தேர்வுக் குழுவில் மூன்று மேதைகள். மூவருக்கும் தமிழ்? தெரியாது! பாரபட்சமே இல்லாத குழு! என்ன நடுநிலை! என்ன நேர்மை!

மிஞ்சியது ஒரே தமிழ் சீட்டு. வந்தவர் இருவர். நம்மூர் விசைத்தறித் தொழிலாளி பாலையாவின் மகள் மோகனப்ரியா. இன்னொருவர், யஸ்வந்த் என்ற தெலுங்குத் தம்பி. இருவரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஒரு தமிழ்ப் பாடநூலைக் கொடுத்து, "படியுங்கள்" என்றார்கள்.

மோகனப்ரியா நிறுத்தி, நிதானித்து, பொருள் சொல்லிப் படித்தாள். "ரொம்ப ஸ்லோ" என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

தம்பி புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்தார். சென்னை பஸ்ஸில் கண்டக்டரிடம் கற்ற தமிழை சுலோகம்போல் கடகடவென்று ராகத்தோடு விட்டார்: "படியில நிக்காதே... உள்ள போ, உள்ள போ..."

சிரிக்காதீர்கள்! மேதைகள் உருகிவிட்டார்கள். "பாகா சதிவாடு! எந்த ஸ்பீடு!" நன்றாகப் படித்தாராம், என்ன வேகமாம்! அவருக்கே முதலிடம்!

மோகனப்ரியா அழவில்லை. எழுந்தாள். "சார், அவர இன்னொரு வாட்டி படிக்கச் சொல்லுங்க" என்று தெலுங்கிலேயே சொல்லி, புத்தகத்தைத் தானே விரித்துக் கையில் கொடுத்தாள். தலைகீழாக! தம்பி படித்தார், அதே வேகம், அதே ராகம்! மேதைகளின் பக்கம் இருந்தது அட்டை. அட்டையில் ஒரு யானை, நான்கு காலும் ஆகாயத்தில்!

தெலுங்கு மட்டுமே தெரிந்தவருக்கும் யானை யானைதானே ஐயா!

தம்பிதான் முதலில் தலைகுனிந்தார். "சார், தமிழ் படிக்க ராது, வராது. இந்த சீட்டுக்குப் போட்டி கம்மின்னாங்க, வந்துட்டேன்." அவரை நான் பழிக்க மாட்டேன். கதவைத் திறந்து வைத்தவர் யார்?

மறுநாள் ஒரு தமிழாசிரியரை அழைத்துத் தேர்வை மீண்டும் நடத்தினார்கள். சீட்டு மோகனப்ரியாவுக்கு! ஓடிவந்து சொன்னாள். தறிச் சத்தத்தில் பாலையாவுக்குக் கேட்கவில்லை. சுவிட்சை அணைத்தார். "இன்னொரு தபா சொல்லும்மா" என்றார்.

"சீட்டு கெடச்சிடுச்சி நைனா. வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போறேன்."

அவர் கையிலிருந்த பஞ்சைத் துடைத்துக்கொண்டு மகள் தலையைத் தொட்டார். இதோ, முன்வரிசையில் இருவரும் இருக்கிறார்கள். தட்டுங்கள் கையை!

அதிகாரிப் பெருமக்களே! அடுத்த ஆண்டு அந்த மேசையில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு நாற்காலி போடுங்கள். ஒரே ஒரு நாற்காலி! ஏன் கேட்கிறோம்? ஒன்றாம் வகுப்புக் குழந்தை முதன்முதலாக 'அ' எழுதிக்கொண்டு வரும். "சரியா டீச்சர்?" என்று அண்ணாந்து பார்க்கும். அந்தக் குழந்தைக்குப் பதில் தெரிந்தவரை அனுப்புங்கள். பதில் தெரியாதவரை அனுப்பிவிட்டுத் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று எங்களிடம் கணக்குக் காட்டாதீர்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் செவிகளுக்கும், மோகனப்ரியாவின் துணிவுக்கும் என் நன்றி. வாழிய நீங்கள், வளர்க நம் பிள்ளைகள்!